இரும்புக்கான் மருதாயி

வேங்கைமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்று சொல்வார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு, வந்து நின்று, சாயந்தரம்வரை வேலை செய்தால் ஒரு பேர். மழையில் பாதியிலேயே இறங்க வேண்டி வந்தால் அரைப்பேர். கங்காணிக்கு வீட்டில் சண்டை என்றாலும் சில நாள் அரைப்பேர்தான். கீழே கொழுந்து எடுப்பவர்களுக்கும் மேலே இரும்புக்கானில் கல் உடைப்பவர்களுக்கும் இந்த வழக்கு ஒன்றே.

ராக்காயி இரும்புக்கானில் பாதி ஆயுசுக்கு வேலை செய்தாள். அதில் ஒரு பேர்கூட அவளுடையது இல்லை. எல்லாம் அவளுடைய அக்கா மருதாயியின் பெயரில் விழுந்தவை.

இது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கோயில் பூசாரிக்குத் தெரியும். நோர்வூட்டில் கடை வைத்திருக்கிற மஃறூப் நானாவுக்குத் தெரியும். சுரங்கத்து ஆபீசுக்கு மட்டும் தெரியாது. ஆபீஸ் அடிக்கடி கை மாறியதில், தெரிந்துகொள்ள அதற்கு நேரமும் கிடைக்கவில்லை.

இரும்புக்கானை முதல் முறை பார்க்கிறவர்கள், இதை ஏன் கான் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். கான் என்றால் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். இங்கே இருப்பதோ மலையின் ஒரு தோளையே அரிந்து எடுத்தது மாதிரி சிவந்த பள்ளம். வெள்ளைக்காரத் தொர ஒருத்தர் மேல்மலையில் கான் வெட்டச் சொன்னபோது மண்வெட்டி ணங்கென்று நின்றுவிட்டதாம். கல்லைத் தூக்கின ஆளின் கையைக் கல் கீழே இழுத்ததாம். தொர அதைச் சாக்கில் சுற்றிக் கொழும்புக்கு அனுப்பினார். இரும்பு என்று பதில் வந்தது. அன்றைக்கு வெட்டத் தொடங்கின கான் இன்னும் வெட்டி முடியவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

தொர கல்லை அட்டனுக்கு வண்டியில் இறக்கி, ரயிலில் ஏற்றிப் பார்த்தார். கல் விற்ற காசு கல் போன வழிக்கே சரியாகப் போனது. தேயிலையோடு சேர்த்து எல்லாவற்றையும் லண்டனில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தக் கம்பெனிக்காரர்களில் ஒருவரும் இதை வந்து பார்த்ததில்லை. பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமானது. எருமைகள் குளித்தன. பிறகு அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது கூடவே அந்தக் குளத்தையும் எடுத்தது. கோப்பரேசன்காரர்கள் தண்ணீரை இறைத்துவிட்டு, சீமெந்துக்குச் சேர்க்கக் கல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த கம்பெனி கேட், மேசை, மண்வெட்டிப் பிடி வரைக்கும் நீலச்சாயம் பூசியது. அவர்களிடமிருந்து கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கினார். அவர் ஜீப்பில் வருவார். இறங்கமாட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

முதலாளிமாரின் பெயர் எங்கள் ஆட்களுக்கு நினைவில் நிற்பதில்லை. காலத்துக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலம், எருமைக்குளம் காலம், கோப்பரேசன் காலம், நீலக்கேட்டு காலம், ஜீப்பு காலம். “அவரு எருமக்கொளத்துல பொறந்தவரு.” “இவ நீலக்கேட்டுல சடங்கானவ.” வயது கேட்டால் இப்படித்தான் பதில் வரும். சனத்தொகை எடுக்க வந்த பிள்ளை ஒன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணக்குப்படி ராக்காயியும் மருதாயியும் கோப்பரேசனில் பிறந்தவர்கள். தாய் சின்னதிலேயே போய்விட்டாள். தகப்பன் இரும்புக்கானில் கல் உடைத்தவர். அவர் இறந்தபோது அவருடைய இடம் மூத்தவள் மருதாயிக்கு வந்தது. இரும்புக்கானில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எந்த முதலாளி வந்தாலும் அதை மாற்றவில்லை. வேலையில் இருக்கிற ஒருவர் இறந்தால் அவருடைய இடம் வீட்டில் ஒருவருக்கு வரும். செய்த வருசங்கள், உட்காருகிற இடம், லயத்து வீடு எல்லாம் அந்த இடத்தோடு சேர்ந்தே வரும். வேலையை விட்டுப் போனால் ஒன்றும் வராது. வீட்டையும் விடவேண்டும்.

நீலக்கேட்டு காலத்தில் மருதாயி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். தங்கச்சிக்கு ஒரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் சொன்ன காரணம். புது ஆள் எடுக்காத காலம் அது. அவள் விலகினால் வீடு போய்விடும். அக்காளும் தங்கையும் முத்துலிங்கம் கங்காணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அப்போது அவருக்கு மீசை கறுப்பு.

“ரெண்டும் ஒரே அச்சு,” என்று கங்காணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “தலையில சாக்கப் போட்டுட்டா பெத்தவளுக்கே தெரியாது. ஆனா ஒண்ணு. நான் பெரட்டுல மருதாயின்னு கூப்புடுவேன். இவ முழிச்சிக்கிட்டு நிக்கக்கூடாது.”

“ரெண்டு வருசந்தானே கங்காணியய்யா,” என்றாள் மருதாயி.

“ரெண்டு வருசம் பழகுனா எம் பொஞ்சாதியவே மாத்திக் கூப்புட்டுருவேன். போங்க போங்க.”

போகிற அன்று காலையில் மருதாயி தங்கையை முன்னால் உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள். ராக்காயி நேர்வகிடு எடுப்பவள். மருதாயிக்குக் கோணல் வகிடு. அதே கோணல் வகிட்டை அவளுக்கு எடுத்து, அதே மாதிரி கொண்டை போட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மஃறூப் நானாவின் கடையில்தான் அப்போது டெலிபோன் இருந்தது. மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடை திறந்த பிறகு, மருதாயி பேசுவாள். ராக்காயி சீனி மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காத்திருப்பாள். பேச்சில் விசேசம் ஒன்றும் இருக்காது. அங்கே மழையே இல்லையாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவளை ‘மேரி’ என்று கூப்பிடுகிறார்களாம். நாக்கில் மருதாயி வரவில்லையாம். “ஒனக்கு மருதாயின்னு கூப்புட்டாத் திரும்புறியா?” என்று அக்காள் கேட்பாள். “ஒன்னய மேரின்னு கூப்புட்டா?” என்று தங்கை கேட்பாள். இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். கடைக்கு வந்தவர்கள் இவள் ஏன் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நிற்பார்கள்.

அக்காள் அனுப்பின காசில் ராக்காயிக்கும் அழகனுக்கும் கல்யாணம் நடந்தது. அழகன் தேயிலைக்கு மருந்தடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். கல்யாணத்துக்கு வந்த சுரங்கத்து கிளார்க், ‘மருதாயியின் தங்கைக்கு’ என்று எழுதின பொட்டலத்தை மருதாயி என்று தான் நினைத்த பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு, தங்கையை எங்கே காணோம் என்று தேடினார். மாலையும் கழுத்துமாக நின்றவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வருசம் மகன் ஜெயகாந்தன் பிறந்தபோது பிரசவ லீவு எடுத்தவள் மருதாயி. ஆபீஸ் கணக்கில் குமரியாக இருந்த மருதாயி தாயானதும், “எப்ப கல்யாணம் பண்ணுன?” என்று அதே கிளார்க் கேட்டார். “நீங்க வந்துதானே சாப்புட்டுப் போனீங்க,” என்று சொல்லிவிட்டு ராக்காயி நடையைக் கட்டினாள்.

இரண்டு வருசம் மூன்றானது. மருதாயி வேறு வீட்டுக்கு மாறுவதாகச் சொன்னாள். அங்கே டெலிபோன் கொடுப்பார்களா தெரியவில்லை, பார்த்துக்கொண்டு எடுக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். அனுப்பின ஏஜென்சி அட்டனில் ஒரு மாடியில் இருந்தது. அழகன் போனபோது அந்த இடத்தில் டியூசன் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் வெளிநாட்டு வேலை ஆபீசில் இரண்டு தடவை விவரம் எழுதிக் கொடுத்தார்கள். மஃறூப் நானாவின் மச்சான் குவைத்தில் லொறி ஓட்டினார். அவர் பழைய வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். ஊரில் சிலர் இறந்திருப்பாள் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பிரியந்தி மட்டும், “செத்திருந்தா பொட்டி வந்திருக்குமே. அவ அங்கயே எவனையாவது கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருப்பா,” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னாள். அவள் அதைச் சொல்லாத வருசம் ராக்காயியே போய் அவள் வாயைக் கிளறுவாள்.

நீலக்கேட்டில் சாயம் உரிந்து ஜீப்பு காலம் வந்தது. ராக்காயி கூடை தூக்குகிற இடத்திலிருந்து கொட்டிலுக்குள் வந்தாள். கூடை தூக்குவதென்றால் பள்ளத்திலிருந்து மேலே லொறி நிற்கிற இடம் வரை நனைந்த கல்லைச் சுமந்து ஏறவேண்டும். கொட்டிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டி, கல்லையும் மண்ணையும் பிரித்துப் போடவேண்டும். அங்கே இடம் கிடைப்பது பழைய ஆட்களுக்குத்தான். ராக்காயியின் முழங்கால் ஒன்று குளிர்காலத்தில் வீங்கும். கொட்டிலில் அவளுக்குக் கதவோரத்தில், வெளிச்சம் விழுகிற பக்கமாக ஓர் இடம் இருந்தது. கல்லின் சிவப்பு அவள் நகக்கண்ணில் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல், மருதாணி வைத்த கைபோல் இருக்கும்.

இப்படியே போயிருக்கும். போன மாசிக்கு முன்னால் ஜீப்பு முதலாளியும் விற்றுவிட்டார்.

வாங்கினது யார் என்று வழக்கம்போல யாருக்கும் தெரியவில்லை. புதுப் பலகை நட்டார்கள். பழைய பேர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துப் புதிதாகப் பதியப்போவதாகவும், திங்கட்கிழமை எல்லாரும் அடையாள அட்டையோடு வரவேண்டும் என்றும், இனிமேல் பெரட்டில் கூப்பிடுவது கிடையாது, விரலை மெசினில் வைத்தால் போதும் என்றும் அறிவித்தார்கள். அதைப் படித்துக் காட்டின முத்துலிங்கம் கங்காணி, படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி ராக்காயியைப் பார்த்தார். அவளுடைய அடையாள அட்டையில் ராக்காயி என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அழகன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

“யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, ராக்கு,” என்றார் கங்காணி. “நாளைக்குப் பதிய வர்ற கம்பெனி சேர் கேப்பாரு. அக்கா தவறிட்டான்னு ஒரு வார்த்த சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கிறேன், ஆமான்னு சொல்றேன். எடம் தானா ஒனக்கு வந்துரும். கொட்டிலு ஒனக்கு, வீடு ஒனக்கு. பேரும் ஓம்பேராயிரும்.”

“எப்ப தவறுனான்னு கேட்டா?”

“ஏதாச்சும் ஒரு வருசத்தச் சொல்லு.”

“எந்த வருசத்த?”

கங்காணி தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரியந்தியின் குரல் வந்தது.

“சொல்லித் தொலைடி. இந்த முழங்கால வச்சிக்கிட்டு கூட தூக்கப்போறியா?”

“ஒன்னய யாரு கேட்டா?”

“கேக்காமலேதான் சொல்றேன். பொட்டி வரலன்னு நாந்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், சொல்லிரு. அவ கோவிக்கமாட்டா.”

கங்காணி போன பிறகு ராக்காயி நோர்வூட்டுக்கு இறங்கினாள். மஃறூப் நானாவின் கடையில் இப்போது டெலிபோன் இல்லை. கைபோனுக்குக் காசு ரீலோட் போடுகிறார்கள், மகன்தான் பார்க்கிறான். நானா உள்ளே நாற்காலியில் இருந்தார்.

“என்ன தங்கச்சி, இந்த நேரத்துல?”

அவள் விசயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “அப்புடிச் சொன்னா பாவமா நானா?” என்று கேட்டாள்.

நானா தாடியைத் தடவினார். “அத என்ட்ட கேக்காதீங்க. மச்சான் வந்து ‘அந்த வீட்டுல ஒத்தருமில்ல’ண்டு சொன்ன நாள், உங்களுக்கு அதச் சொல்லவே எனக்கு ரெண்டு கெழம போச்சி. நான் என்னத்தச் சொல்ல.” பிறகு மகனிடம் திரும்பி, “வாப்பாட கணக்குல ஒரு பன் குடு அவங்களுக்கு,” என்றார். ராக்காயி பன்னை வாங்கிக்கொண்டு, தின்னாமலே மலையேறினாள்.

திங்கட்கிழமை வரிசையில் நான் அவளுக்கு அடுத்து நின்றேன். நான் புது ஆள், வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருந்தேன். கேட்டுக்கு உள்ளே நீலப் பொலித்தீன் கட்டி, அதன் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஆள் விஜிதரன் என்று ஒருத்தர், வவுனியாப் பக்கம். மெலிந்த மனுசன், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். பக்கத்தில் முத்துலிங்கம் கங்காணி குடையைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றார்.

ராக்காயியின் முறை வந்தது. அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

“முழுப்பேர் சொல்லுங்கோ அம்மா.”

“முழுப்பேருதான் சேர்.”

“ஓம், அதைத்தான் கேக்கிறன். முழுப்பேர்.”

“எல்லா நாளும் முழுப்பேருதான் சேர். புள்ள பெத்த மாசம் மட்டும் வரல. மத்தபடி அரைப்பேரு போட நான் விட்டதே இல்ல. கங்காணியய்யாவக் கேளுங்க.”

வரிசையில் பின்னால் சிரிப்புக் கிளம்பியது. விஜிதரன் நிமிர்ந்து பார்த்தார். கங்காணி குனிந்து அவர் காதில், இங்கே பேர் என்றால் என்ன என்று விளக்கினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நான் கேட்டது ஆளின்ட பேர் அம்மா. உங்களை எப்பிடிக் கூப்பிடுறது எண்டு,” என்றார்.

அதற்கு ராக்காயி அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

“ராக்காயி,” என்று படித்துவிட்டு அவர் பழைய லிஸ்டில் விரலை ஓட்டினார். “ராக்காயி எண்டு இதில ஒருத்தரும் இல்லையே. இதே லயம், இதே வீடு, மருதாயி எண்டு ஒராள் இருக்கு.”

“அது இந்தப் புள்ளையோட அக்கா சேர்,” என்றார் கங்காணி. சொல்லிவிட்டு ராக்காயியைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மிச்சம் உன்னுடையது என்பது மாதிரி.

“அக்கா இப்ப?”

பொலித்தீனில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. பின்னால் நின்ற பிரியந்தி முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். ராக்காயி வாயைத் திறந்தாள். மூடினாள்.

“இருக்கா சேர்.”

“எங்க?”

“இருக்கா.”

கங்காணி இருமினார். “சேர், அது என்ன சொல்ல வருதுன்னா…”

“நான் சொல்லிட்டேன் கங்காணியய்யா.”

விஜிதரன் பேனாவை மேசையில் வைத்தார். எத்தனை வருசம், என்ன நடந்தது, சாட்சி யார் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவர் வந்த பக்கத்தில், யுத்தத்தில் காணாமல்போனவரை, இருக்கிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற வீடுகள் நிறைய உண்டு. அதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

“அப்பிடியெண்டால் அந்த இடத்தை நான் உங்களுக்குத் தர ஏலாது அம்மா,” என்றார் மெதுவாக. “இருக்கிற ஆளின்ட இடத்தை இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. உங்களைப் புது ஆளாத்தான் எடுக்கலாம். வீட்டில ஒராள் வேலை செய்தால் சரி, வீடு போகாது. ஆனா வேலை, புது ஆக்களோட கூடை தூக்கிறது. விளங்குதோ?”

“வெளங்குது சேர்.”

“உறுதியோ?”

“எம்பேர எழுதுங்க சேர்.”

மருதாயியின் பேருக்கு எதிரே இறந்தவர், விலகியவர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவர் இரண்டையும் தொடவில்லை. ஓரத்தில் சின்னதாக, ‘இன்று வரவில்லை’ என்று எழுதினார். பின்னால் நின்ற எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தாலும் வாசிக்க முடிந்தது. ராக்காயிக்கு வாசிக்கத் தெரியாது. அவர் என்ன எழுதினார் என்று அவள் கேட்கவும் இல்லை.

விரல் மெசின் வேறு அவளை எடுக்க மறுத்தது. பெருவிரலில் ரேகையே இல்லை, கல் தின்றுவிட்டிருந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தார்கள். “மெசினுக்கே ஒன்னய யாருன்னு தெரியலடி,” என்றாள் பிரியந்தி. அவள் குரல் உடைந்திருந்தது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலுக்குப் பச்சை வெளிச்சம் எரிந்தது. ராக்காயி அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. கூடை தூக்குகிறவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், நாங்கள். மேல் லயத்து நிலக்‌ஷி, பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்தவள், வாய்த்துடுக்கு.

“புதுப் புள்ள வந்திருக்கு, பாத்துக்கங்கப்பா,” என்றாள். “புதுப் புள்ள, கால அகட்டி வையி, வழுக்கும்.”

“ஏண்டி, ஓங்கம்மா கொட்டிலுல தொட்டில் கட்டி ஒன்னய ஆட்டுன காலத்துல நான் இந்த வழியில ஓடுனவ.”

“அப்ப ஓடுங்க பாப்போம் அத்தே.”

ராக்காயி ஓடவில்லை. கூடையைத் தலையில் ஏற்றி, வலிக்கிற காலை முன்னால் வைத்து, மற்றக் காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்படியே ஏறினாள். பாதியில் ஒருவர் மேலே இருந்து “ராக்காயி” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. “ராக்காயி, ஒங்களத்தான்,” என்று மறுபடி கூப்பிட்டார். நிலக்‌ஷி முழங்கையால் இடித்தாள். “அத்தே, அது நீங்கதான்.” ராக்காயி, “ஆமால்ல,” என்று நின்று சிரித்தபோது கூடை ஆடி, ஒரு கல் சரிவில் உருண்டு போனது. கொட்டிலில் கதவோரத்து இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய ஆட்கள் அன்றைக்கு அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. அது சொல்லி வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

சாயந்தரம் கேட்டுக்கு வெளியே அழகன் வந்து நின்றான். அவன் சுரங்கத்துப் பக்கம் வருகிற ஆள் இல்லை. கையில் ஒரு பொலித்தீன் துண்டும், நேற்று நானா கொடுத்த பன்னில் பாதியும் இருந்தன. நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். வழி ஒன்றுதான்.

“கங்காணி வந்து சொன்னாரு,” என்றான் அழகன்.

“என்னான்னு?”

“இவ கெடுத்துட்டான்னு.”

ராக்காயி பன்னைப் பிட்டு வாயில் போட்டாள். அவள் நொண்டுவதைப் பார்த்து அவன் நடையைக் குறைத்தான்.

“வாயில வரல,” என்றாள். “வந்துரும்னுதான் நெனச்சேன். ராவெல்லாம் சொல்லிப் பாத்தேன். அந்த சேர் கேட்டதும் இருக்கான்னு வந்துருச்சி.”

“சரி.”

“கோவமா?”

“எதுக்கு? கூட தூக்கப்போறது நீ.”

“ம்.”

“அவ வந்தான்னா அவளும் வந்து கூட தூக்கணும். ரெண்டு பேரும் தூக்குங்க.” அழகன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ராக்காயி நின்றுவிட்டாள். அவன் சொன்னதில் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது போலிருந்தது.

“அவ எதுக்குத் தூக்குறா?” என்றாள். “அவ கொட்டிலுக்குள்ள ஒக்காரலாம். அவ பழைய ஆளு.”